திருப்பூர் ஜாப் ஒர்க்: பலமா, பாரமா?

நூல்கண்டு:
ஜாப் ஒர்க் என்று ஒவ்வொரு வேலையையும் வெளியே வேறு வேறு பட்டறையில் கூலிக்குக் கொடுக்கிறோம். ஒரு டீசர்ட் முடிவதற்குள் துணி ஊரைச் சுற்றி வந்துவிடுகிறது. நிட்டிங், சாயம், துணி பிறகு சுருங்காமல் இருக்கச் செய்யும் காம்பாக்டிங், பிரிண்டிங், காஜா பட்டன், ஒவ்வொன்றுக்கும் ஒரு டெம்போ. போன மாதம் எங்கள் ஆர்டரில் பாடித் துணியும் கழுத்துப் பட்டைக்கான ரிப் துணியும் வேறு வேறு லாட்டில், அதாவது தனித்தனித் தடவையாக, சாயமாகி வந்தன. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் ஒரே நேவி இரண்டு நிறமாகத் தெரிகிறது. சாயப்பட்டறைக்காரர் நூலைக் குறை சொல்கிறார், நிட்டிங்காரர் சாயத்தைக் குறை சொல்கிறார். ஷிப்மெண்ட் தேதி போனது போனதுதான். எல்லாம் ஒரே கூரைக்குள் வராமல் இது தீராது.

பவர்டேபிள்:
அண்ணா, அந்தக் கூரை போட எத்தனை பேரிடம் முதல் இருக்கிறது? இருபது மெஷின் வைத்திருப்பவரும் ஏற்றுமதி செய்கிறார் என்றால் இந்தச் சுற்றுதான் காரணம். பங்களாதேஷ் ஐரோப்பாவுக்கு வரியில்லாமல் அனுப்புகிறது, விலையில் மோத முடியாது. சின்ன ஆர்டர், மாறிக்கொண்டே இருக்கும் ஸ்டைல், இதில்தான் நாம் நிற்கிறோம்.

நூல்கண்டு:
2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவில் சாயப்பட்டறைகளை மூடியபோது? ஒரு கண்ணி அறுந்தது, ஊரே திணறியது. வெளி மாநிலத்துக்கு அனுப்பிச் சாயம் போட்டோமே.

பவர்டேபிள்:
நொய்யல் ஆற்றில் சாயத்தண்ணீர் விட்டதற்கு வந்த தண்டனை அது, ஜாப் ஒர்க்கால் வந்ததல்ல. சின்னப் பட்டறைகள் கூடிப் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் வைத்துத்தான் மீண்டு வந்தன. தனித்தனியாக அவர்களால் முடிந்திருக்காது.

ஓவர்லாக் அக்கா:
இரண்டு பேரும் பணத்தைப் பேசவே இல்லை. நான் ஆறு மெஷின் வைத்து ஜாப் ஒர்க் எடுக்கிறேன். சனிக்கிழமை சம்பளம் கொடுத்தாக வேண்டும், எனக்கு வரவேண்டியதோ மூன்று மாதம் கழித்து வருகிறது. சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் கொடுக்காவிட்டால், கொடுத்த வருடத்தில்தான் வரிக்கணக்கில் செலவாகக் கழிக்கலாம் என்று சட்டம் வந்தது. உடனே ஒரு கம்பெனியில், "பில்லில் உத்யம் நம்பர் போடாதீங்க" என்றார்கள். சிறு நிறுவனம் என்று காட்டும் அரசுப் பதிவு எண் அது. வேலை போய்விடும் என்று நானும் போடவில்லை. ஒரே கூரை வந்தால் என்னைப் போன்றவர்கள் எங்கே போவது? நூல்கண்டு அண்ணா, ரிப்பும் பாடியும் ஏன் ஒரே லாட்டில் போகவில்லை?

நூல்கண்டு:
ரிப் இரண்டு நாள் தாமதமாக வந்தது. பழைய பாக்கி இருந்ததால் நிட்டிங்காரர் பிடித்து வைத்துவிட்டார். அது எங்கள் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். இந்தச் சனிக்கிழமை அவர் கணக்கை முடிக்கச் சொல்லியிருக்கிறேன். ஆனால் சாயம் மட்டுமாவது சொந்தமாக வேண்டும் என்பதில் நான் மாறவில்லை.