அவனுக்குப் பிடிச்சதைக்கூட "செய்"னு சொன்னா செய்ய மாட்டேங்கறான். இது பிடிஏவா?

ஆதி அம்மா, மதுரை

பையனுக்கு எட்டு வயசு. ஆட்டிசம்னு அஞ்சு வயசுலயே சொல்லிட்டாங்க. பேச்சு நல்லா வரும், ஆளைக் கலாய்க்கிற அளவுக்கு வரும். பிரச்சினை வேற. பல் தேய்டான்னா "என் கை உருகிடுச்சு"ங்கறான். சட்டை போடுன்னா "நான் இப்போ பூனை, பூனைக்கு ஏது சட்டை?" விடாம சொன்னா கட்டிலுக்கு அடியில போயிடுவான். இழுத்தா கடி.

பிடிக்காத வேலைன்னா சரிங்கலாம். ரயில் பாக்கணும்னு அவனேதான் ரொம்ப நாளா நச்சரிச்சான். ஞாயித்துக்கிழமை செருப்பு மாட்டிக்கிட்டு வாசல்ல நின்னான். "வா, கிளம்பலாம்"னு சொன்னதுதான் தாமதம், செருப்பு ஒரு பக்கம் பறக்குது, இவன் ஒரு பக்கம் உருண்டு அழறான். ஸ்டார் சார்ட் ஒட்டினோம். "சூப்பர்டா கண்ணா"ன்னு பாராட்டின அன்னிக்கே கிழிச்சுட்டான்.

தெரபிஸ்ட் "விட்டுக்கொடுக்காதீங்க, உறுதியா இருங்க"ங்கறாங்க. உறுதியா இருக்க இருக்க மோசமாகுது. மாமியார் நான் செல்லம் கொடுத்துக் கெடுத்தேன்ங்கறாங்க. நெட்ல பிடிஏன்னு படிச்சேன், அதாவது பேதலாஜிக்கல் டிமாண்ட் அவாய்டன்ஸ், எதைச் செய்யச் சொன்னாலும் அளவுக்கு மீறித் தவிர்க்கறது. எங்க டாக்டர் கேள்விப்பட்டதில்லைன்னுட்டார். யாராவது இப்படிப் பிள்ளை வச்சிருக்கீங்களா?

ரிட்டயர்டு_மணி

எங்க காலத்துல அப்பா முறைச்சாலே போதும். ரெண்டு வச்சா பூனை, நாய் எல்லாம் ஓடிடும்.

ஹரோ அக்கா

மேல எழுதின ஐயா, உங்கட காலத்திலயும் இப்பிடிப் பிள்ளையள் இருந்ததுகள். அடி வாங்கிக்கொண்டு இருந்ததுகள், அவ்வளவுதான்.

தங்கச்சி, நான் யாழ்ப்பாணம், இப்ப லண்டனில இருக்கிறன். என்ட மகளுக்குப் பதின்மூண்டு. உங்கட மகனுக்குக் கை உருகும், இவளுக்குக் கால் வேலை செய்யாது. படியில இருந்திடுவாள்.

பிடிஏ எண்டு பேர் வச்சது எலிசபெத் நியூசன் எண்ட நொட்டிங்ஹாம் உளவியலாளர், 1980களில. அவவும் சேர்ந்து எழுதின கட்டுரை மருத்துவ இதழில வந்தது 2003இலதான். ஆனபடியால் உங்கட டொக்டருக்குத் தெரியாதது புதினமில்லை. இஞ்சயும் எல்லாரும் அந்தப் பேரை எழுதித் தரமாட்டினம். மகளின்ட ரிப்போர்ட்டில ஆட்டிசம் எண்டும், கட்டளையைத் தவிர்க்கிற தன்மை இருக்கு எண்டும்தான் கிடக்கு.

உள்ளுக்க இருக்கிறது பதகளிப்பு, உங்கட பேச்சில பதட்டம். சாதாரணமா அடம்பிடிக்கிற பிள்ளை கேட்டது கிடைச்சால் அடங்கும். இதுகளுக்கு "செய்ய வேணும்" எண்ட நெருக்கடி வந்தாலே பயம் பிடிச்சிடும். அந்த நெருக்கடி ஆரின்ட வாயிலயிருந்து வந்தாலும் ஒண்டுதான், தன்ர ஆசையில இருந்து வந்தாலும் ஒண்டுதான். பாராட்டினாலும் அப்பிடித்தான், நாளைக்கும் இதையே செய்ய வேணும் எண்ட பாரம். உடம்பு கேக்கிறதும் கட்டளைதான். இவள் ஒண்டுக்குப் போறதைக்கூட அடக்கிக்கொண்டு இருப்பாள்.

நாங்கள் ஏவுறதைக் குறைச்சம். "தலை இழு, வா" எண்டு கூப்பிடுறேல்லை. சீப்பை எடுத்து அவளின்ட பொம்மைக்கு இழுத்துக்கொண்டு, "இந்தச் சிக்கு எடுபடுதில்லையே" எண்டு எனக்குள்ளயே முணுமுணுப்பன். கொஞ்சத்தால வந்து சீப்பைப் பறிப்பாள், "உங்களுக்குத் தெரியாது, தாங்கோ" எண்டு. பொம்மைக்கு முடிய, தனக்கும் இழுப்பாள். எந்த உத்தியும் கன நாளைக்கு ஓடாது, கண்டுபிடிச்சிடுவாள். பிறகு வேற யோசிக்க வேணும். களைப்புத்தான், பொய் சொல்லேல்லை.

விட்டுக்குடுக்காத விசயங்களும் இருக்கு: ரோட்டு, காஸ் அடுப்பு, தம்பிக்கு அடிக்கிறது. மிச்சமெல்லாம் பேரம் பேசலாம். அந்தச் சட்டங்களையும் "அம்மா சொல்றன்" எண்டு சொல்லாதேங்கோ. "சிவப்பு லைட் எண்டால் எல்லாரும் நிக்கிறது" எண்டு விடுங்கோ. குழறி முடிஞ்ச பிறகு புத்திமதி வேண்டாம். அப்ப அது காதில ஏறாது.

சிறப்பு ஆசிரியர், தாம்பரம்

ஹரோ அக்கா சொன்னதோட ஒரு விஷயம் சேர்க்கிறேன். பிடிஏங்கற பேர் இன்னும் விவாதத்துலதான் இருக்கு. டாக்டர்கள் நோயை வகைப்படுத்தப் பயன்படுத்தற டிஎஸ்எம்-5லயோ ஐசிடி-11லயோ தனிப் பிரிவா இல்லை. அதனால சான்றிதழ், யூடிஐடிங்கற மாற்றுத்திறனாளி அடையாள கார்டு எல்லாம் ஆட்டிசம்னே இருக்கட்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016ல ஆட்டிசம் இருக்கு.

மறுப்பு எல்லாமே பிடிஏ ஆகாது. என்கிட்ட வந்த ஒரு பையன் பல் தேய்க்கவே மாட்டான். கடைசியில பேஸ்ட் காரம்தான் காரணம். எழுத மறுத்தா எழுத்துல சிரமமான்னு பாருங்க, கிச்சனுக்கு வரலைன்னா மிக்ஸி சத்தமான்னு பாருங்க. உங்க பையன், ஆசைப்பட்ட ரயிலுக்கே போக முடியாம உருண்டான்ங்கறீங்க. அது இந்த மாதிரி வேற காரணங்கள்ல அடங்காது. அந்தச் சம்பவத்தை அப்படியே எழுதி தெரபிஸ்ட் கையில கொடுங்க. "உறுதி"ங்கற அறிவுரை ஏன் எடுபடலைன்னு அவங்களுக்கும் புரியும்.

மணி சார், வீட்டு விஷயம் வேற. பள்ளியில யாராவது ரெண்டு வச்சா கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17 இருக்கு. அடியும் கூடாது, மனரீதியான துன்புறுத்தலும் கூடாது.

ஆதி அம்மா, மதுரை

ரெண்டு பேருக்கும் நன்றி. இன்னொரு குழப்பம். ஸ்கூல்ல "ரொம்ப சமத்து, உங்க வீட்லதான் ஏதோ கோளாறு"ங்கறாங்க. ஆனா வேன்ல இருந்து இறங்கினதுமே பையைத் தூக்கி எறியறான். மாமியாருக்கு இது போதாதா!

ஹரோ அக்கா

பகல் முழுக்க அடக்கிப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறான், வீட்டு வாசலில விடுறான். வீட்டில பயமில்லாதபடியால்தான் அங்க வெடிக்குது. இறங்கினவுடன ஒண்டும் கேளாதேங்கோ, "இண்டைக்கு என்ன படிச்சாய்" எண்டுகூட. பை கிடக்கட்டும், சட்டையும் பிறகு மாத்தலாம். குடிக்க ஏதாவது கைக்கெட்டுற இடத்தில வச்சிட்டு அங்கால போங்கோ.

மாமியை வாதாடி வெல்லேலாது. அவவுக்கு ஒரு வேலை குடுங்கோ. பின்னேரத்தில தட்டைப் பக்கத்தில வச்சுக்கொண்டு பழைய கதை ஏதும் சொல்லட்டும். "சாப்பிடு" எண்ட சொல் மட்டும் வாயில வரப்படாது. என்ட மாமி முதல் முகத்தைச் சுழிச்சவ. பிள்ளை தானா இடியப்பத்தைப் பிய்க்கிறதைக் கண்ட பிறகு, அது தன்ர கெட்டித்தனம் எண்டு ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சா. சொல்லட்டும் எண்டு விட்டிட்டன்.