சொந்த மகள்களின் பேச்சை எழுதி வைப்பது ஆய்வாகுமா? மெலிசா போவர்மன் பற்றி

மெய்யெழுத்து:
குழந்தைகள் மொழி கற்கும் விதத்தை ஆராய்வதிலேயே பணிக்காலம் முழுவதையும் கழித்தவர் மெலிசா போவர்மன் (1942–2011). ஹார்வர்டில் ரோஜர் பிரவுனிடம் முனைவர் பட்டம், பிறகு கான்சஸ் பல்கலைக்கழகம், 1982 முதல் நெதர்லாந்தின் நைமேகன் நகரில் இருக்கும் மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனம். முதல் நூல் (1973) ஃபின்னிஷ் பேசும் குழந்தைகளைப் பற்றியது. ஆனால் துறைக்குள் அவர் பேர் நிலைத்தது வேறொன்றால்: தன் இரண்டு மகள்கள் பேசியதை ஆண்டுக்கணக்கில் குறிப்பேட்டில் எழுதி வைத்தார். எந்த ஆய்வகத்துக்கும் அகப்படாத ஒன்று அந்தக் குறிப்பேட்டில் அகப்பட்டது என்பது என் கருத்து. மறுப்பவர்கள் வரலாம்.

எண்கணிதன்:
வந்துவிட்டேன். இரண்டு பிள்ளைகள், ஒரே வீடு, ஒரே அம்மா. அந்த அம்மாதான் ஆய்வாளர், கோட்பாடும் அவருடையதே. "என் பிள்ளைக்கு இந்த மருந்து கேட்டது" என்று ஒரு மருத்துவர் கட்டுரை எழுதினால் நாம் ஏற்போமா? இதை மட்டும் ஏன் ஏற்க வேண்டும்?

பூவரசு:
அப்படிப் பார்த்தால் இந்தத் துறையில் பாதி காலி. டார்வின் 1877-ல் வெளியிட்டது தன் மகனைப் பற்றிய குறிப்புகள். கிளாரா ஸ்டெர்ன், வில்லியம் ஸ்டெர்ன் தம்பதியரின் 1907 நூல் தங்கள் பிள்ளைகளின் பேச்சை வைத்தே எழுதப்பட்டது. வெர்னர் லியோபோல்ட், இருமொழி பேசிய மகளைப் பற்றி நான்கு தொகுதிகள் எழுதினார். பிரவுனின் புகழ்பெற்ற ஆய்விலேயே மூன்று பிள்ளைகள்தான். அதிலும் ஒரு குடும்பம் கனடாவுக்குப் போய்விட, அந்தப் பிள்ளையின் பதிவு பாதியில் நின்றது.

எண்கணிதன்:
பூவரசு, நெடுங்காலமாகச் செய்கிறார்கள் என்பது நியாயம் ஆகாது. எனக்கு வேண்டியது ஒன்றுதான். குறிப்பேட்டால் தெரிந்து, வேறு எதனாலும் தெரிந்திருக்க முடியாத ஒரு விஷயத்தைச் சொல்லுங்கள்.

மெய்யெழுத்து:
சரி, சொல்கிறேன். "டோண்ட் கிகிள் மீ" என்றது ஒரு பிள்ளை. "என்னைச் சிரிக்க வைக்காதே" என்று சொல்ல நினைத்து "என்னைச் சிரிக்காதே" என்கிறது. தன்வினையைப் பிறவினையாக்கிவிட்டது. தமிழில் உருள், உருட்டு என்று வடிவமே மாறும். ஆங்கிலத்தில் "ரோல்" ஒன்றே இரண்டுக்கும் போதும். இந்த ஒழுங்கைக் கண்டுபிடித்த பிள்ளை, அதை ஏற்காத வினைகளிலும் போட்டுப் பார்க்கிறது.

இதில் முக்கியம் தவறு அல்ல, தவறு வந்த நேரம். பிள்ளைகள் இந்த வினைகளை முதலில் சரியாகத்தான் பயன்படுத்தினார்கள். தவறு அதற்கப்புறம் வந்தது. "புட்", "கிவ்" இரண்டிலும் இதே கதை: முதலில் குழப்பமே இல்லை, பிறகு ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் மற்றொன்று வருகிறது. தனித்தனியே கற்ற சொற்களைப் பிள்ளை தனக்குள் ஒன்றோடொன்று இணைத்து ஒழுங்குபடுத்துகிறது என்றார் போவர்மன். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது பின்னடைவாகத் தெரியும். முன்பு சரியாகச் சொன்னது பதிவில் இருந்தால்தானே, இப்போது சொல்வது புதிய தவறு என்று தெரியும்? வாரத்துக்கு ஒரு மணி நேரம் ஒலிப்பதிவு செய்தால் பிள்ளை பேசுவதில் ஒன்று, ஒன்றரை சதவீதம்தான் சிக்கும் என்று டொமசெல்லோவும் ஸ்டாலும் 2004-ல் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். அரிதான தவறுகள் அதில் சிக்கவே சிக்காமல் போகலாம்.

எண்கணிதன்:
நல்ல பதில். ஆனால் அதிலேயே ஓட்டை இருக்கிறது. அம்மா எதை எழுதுவார்? விநோதமாகக் காதில் விழுந்ததை. சரியாகச் சொன்ன நூறு வாக்கியங்கள் எழுதப்படாமல் போகும். பின்னத்தின் மேலே நிற்கும் தொகுதி இருக்கிறது, கீழே நிற்க வேண்டிய பகுதி இல்லை: எத்தனை தவறு என்று தெரியும், எத்தனை வாக்கியங்களில் என்று தெரியாது.

கேரி மார்கஸும் உடன் ஆய்வாளர்களும் 1992-ல் செய்ததைப் பாருங்கள். "கோ" என்பதன் இறந்தகாலத்தை "கோட்" என்று சொல்லும் வகைத் தவறு பிள்ளைகளிடம் மிகச் சாதாரணம் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். 83 பிள்ளைகளின் பேச்சில் 11,521 வினைவடிவங்களை எண்ணினார்கள். தவறு விகிதத்தின் நடு மதிப்பு வெறும் 2.5 சதவீதம். தவறு மனதில் தங்கும், சரியானது தங்காது. குறிப்பேடும் அந்த மனதைத்தான் நம்பி நிற்கிறது.

மெய்யெழுத்து:
"எத்தனை முறை" என்ற கேள்விக்கு விகிதம் வேண்டும், மறுக்கவில்லை. போவர்மன் கேட்டது "எதற்குப் பின் எது" என்று. பத்தே தவறுகள் என்றாலும், பத்தும் சரியான பயன்பாட்டுக்குப் பிறகு வந்தால் அதற்கு ஒரு விளக்கம் வேண்டும்.

 

சுடரொளி:
இருவரும் சுவையான இடத்தைத் தாண்டிப் போகிறீர்கள். தவறான ஒரு பொதுவிதியைப் பிடித்த பிள்ளை அதிலிருந்து எப்படி வெளியே வருகிறது? பெற்றோர் திருத்துவதால் என்று சொல்ல முடியாது. பிரவுனும் ஹான்லனும் 1970-லேயே பார்த்தார்கள்: பெற்றோர் கவனிப்பது பிள்ளை சொன்னது உண்மையா என்பதை, இலக்கணத்தை அல்ல. அப்படியானால் உள்ளுக்குள் முன்பே ஏதோ இருந்தாக வேண்டும். உளவியலாளர் ஸ்டீவன் பிங்கர் 1989 நூலில் வாதிட்டது இதைத்தான். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட தரவுகளில் போவர்மன் மகள்களின் தவறுகளும் உண்டு.

மெய்யெழுத்து:
சுடரொளி, அடுத்த ஆண்டே வந்த பதிலை விட்டுவிட்டீர்கள். யார் செய்தது, யாருக்கு நேர்ந்தது என்பதை எழுவாய், செயப்படுபொருளோடு பொருத்தும் விதிகள் பிறவியிலேயே இருந்தால், அவ்விதிகளுக்கு இசைந்த வினைகள் பிள்ளைக்கு முன்னதாகவும் பிழையின்றியும் வர வேண்டும். போவர்மன் 1990-ல் அதே குறிப்பேடுகளைத் திறந்து இதைச் சோதித்தார். அப்படி எந்த அனுகூலமும் தெரியவில்லை. தன் தரவை வைத்து எதிர்முகாம் எழுப்பிய வாதத்தை அதே தரவால் சோதித்திருக்கிறார். எண்கணிதன், கோட்பாட்டுக்கு ஏற்ற தரவு என்ற உங்கள் ஐயத்துக்கு இதுவும் ஒரு பதில்.

தாழம்பூ:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் பையனுக்கு மூன்று வயது. இந்த மாதிரித் தவறுகளைத் திருத்த வேண்டுமா, வேண்டாமா?

பூவரசு:
அதட்டித் திருத்த வேண்டியதில்லை அம்மா. அவன் சொன்னதையே சரியான வடிவில் திருப்பிச் சொல்லி, பேச்சைத் தொடருங்கள். பெரும்பாலான பெற்றோர் தெரியாமலே இதைத்தான் செய்கிறார்கள். ஷூனார்ட், ஈவ் கிளார்க் இருவரும் 2003-ல் இதை ஆராய்ந்தார்கள், பிள்ளைகள் அதைக் கவனிக்கவும் செய்கிறார்கள் என்று கண்டார்கள். சுடரொளி, உங்கள் 1970 சான்று அவ்வளவு கெட்டியானது இல்லை என்பதும் இதில் தெரிகிறது.

சுடரொளி:
கவனிப்பது வேறு, அதிலிருந்து விதியைத் திருத்திக்கொள்வது வேறு. போகட்டும். போவர்மனின் பிற்காலப் பணிக்கு வருவோம். சூன்ஜா சோயுடன் 1991-ல் எழுதிய கொரிய மொழிக் கட்டுரைதான் அவருடைய உச்சம் என்பார்கள். ஆங்கிலத்தில் "உள்ளே", "மேலே" என்று பிரிப்பார்கள். கொரிய மொழியில் இறுக்கமாகப் பொருந்துவதற்கு "கிடா" என்று ஒரு வினை. உறைக்குள் ஒலிநாடாவைச் செருகினாலும், பேனாமேல் மூடியை மாட்டினாலும் அதுவே. இரண்டு வயதுக்கு முன்பே பிள்ளைகள் தத்தம் மொழியின்படி பிரிக்கிறார்கள், ஆகவே கருத்தை மொழிதான் வடிக்கிறது என்றார்கள். ஆனால் 2004-ல் ஹெஸ்பாஸ், ஸ்பெல்கி இருவரும் ஆங்கிலச் சூழலில் வளரும் ஐந்து மாதக் குழந்தைகளிடம் சோதித்தார்கள். இறுக்கம், தளர்வு என்ற வேறுபாடு அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்தது. கருத்து முந்தி, மொழி பிந்தி.

மெய்யெழுத்து:
வேறுபாட்டை உணர்வது ஒன்று. எந்த வேறுபாட்டைச் சொல்லாக்க வேண்டும் என்று அறிவது இன்னொன்று. ஐந்து மாதக் குழந்தைக்கு நூறு வேறுபாடுகள் கண்ணில் படலாம். அவற்றுள் தன் மொழிக்கு எது வேண்டும் என்பதை அதைச் சுற்றிப் பேசுபவர்களிடமிருந்துதான் அது எடுத்தாக வேண்டும். 2004 ஆய்வு போவர்மனைக் கவிழ்த்துவிட்டது என்று சொல்பவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள்.

எண்கணிதன்:
இந்தக் கட்டத்தில் நான் மெய்யெழுத்து பக்கம். ஆனால் பாருங்கள், இரண்டு மொழிகளை ஒப்பிட்டதால்தான் அந்த ஆய்வுக்கு எடை. நைமேகன் போனபிறகு போவர்மன் குறிப்பேட்டை விட்டு வெளியே வந்தார், ஆய்வும் உயர்ந்தது.

மெய்யெழுத்து:
1991 கட்டுரையின் ஆங்கிலத் தரவு எங்கிருந்து வந்தது என்று பார்த்தீர்களா? அதே இரண்டு மகள்கள், அதே குறிப்புகள்.

எண்கணிதன்:
பார்த்தேன். அதனால்தான் 1999 வரை காத்திருந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சோய், மெக்டோனா, போவர்மன், மாண்ட்லர் நால்வரும் சேர்ந்து, ஒன்றரை முதல் இரண்டு வயதுக்குள்ளான ஆங்கில, கொரியப் பிள்ளைகளுக்குப் படங்களைக் காட்டி, சொல்லைக் கேட்டதும் எந்தப் பக்கம் பார்க்கிறார்கள் என்று சோதித்தது அந்த ஆண்டில்தான். அது வந்திராவிட்டால் 1991 முடிவை நல்ல ஊகம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

மெய்யெழுத்து:
அந்தச் சோதனையில் எந்தச் சொற்களைக் கேட்க வேண்டும் என்று அவர்களுக்கு எப்படித் தெரிந்தது?