முக்கோணம் வரைய மறுத்த பூனை

மென்பொருள் பணியில் இருக்கும் ஒரு தந்தை:

மென்பொருள் துறையில் 17 ஆண்டுகளாக இருப்பதால், என் மகளுக்கு நிரலாக்கம் கற்றுத் தருவது எளிதாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அவளுக்கு அப்போது 10 வயது. கட்டளைத் துண்டுகளை இழுத்துப் பொருத்திக் குழந்தைகள் நிரல் எழுதும் ஸ்கிராட்ச் மென்பொருளில், திரையில் இருக்கும் பூனையை 100 காலடி நடக்கவிட்டு, 90 பாகை திருப்பி, அதையே நான்கு முறை செய்யவைத்துச் சதுரம் வரைந்துவிட்டாள். அடுத்தது முக்கோணம். சமபக்க முக்கோணத்தின் கோணம் 60 பாகை என்று பள்ளியில் படித்திருந்ததால், 60 என்று கொடுத்து மூன்று முறை ஓடவிட்டாள். பூனையோ பாதி அறுகோணத்தை வரைந்துவிட்டு நின்றுவிட்டது.

விடை என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. (சொல்லியும் இருப்பேன், அந்த நேரம் பார்த்து வந்த அலுவலக அழைப்புதான் என்னைத் தடுத்தது.) பேசி முடித்துத் திரும்பியபோது, அவள் கூடத்தின் நடுவில் தானே பூனையாக நடந்து, ஒவ்வொரு மூலையிலும் உடலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா, நான் திரும்புவது உள்ளே இருக்கும் கோணம் இல்லை, வெளியே இருப்பது" என்றாள். 120 என்று மாற்றியதும் முக்கோணம் மூடிக்கொண்டது. ஐங்கோணத்துக்கு 72 என்பதை, 360-ஐ ஐந்தால் வகுத்து, அவளாகவே கண்டுகொண்டாள்.

திரையில் ஓர் ஆமையை நகர்த்திப் படம் வரையவைக்கும், 1967-இல் உருவான லோகோ நிரலாக்க மொழியின் படைப்பாளர்களில் ஒருவரான சீமோர் பேப்பர்ட், குழந்தைகள் ஆமையின் இடத்தில் தம்மை வைத்து நடந்து பார்க்க வேண்டும் என்று வற்புறுத்தியவர் என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். 2007-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஊடக ஆய்வகம் வெளியிட்ட ஸ்கிராட்சும் அந்த வழியில் வந்ததுதான்.

பள்ளியில் கணினிப் பாடம் நடத்தும் ஓர் ஆசிரியை:

"எந்த நிரலாக்க மொழியைக் கற்றால் வேலை கிடைக்கும்?" என்றுதான் பெற்றோர் என்னிடம் முதலில் கேட்கிறார்கள். நான் பள்ளியில் படித்தது பேசிக் (BASIC) என்ற பழைய நிரலாக்க மொழி. பிற்பாடு பணியில் அதில் ஒரு வரிகூட எழுதியதில்லை. இன்று 10 வயதில் தொடங்கும் பிள்ளை வேலை தேடப் பன்னிரண்டு ஆண்டுகளாவது ஆகும் என்பதால், அந்தக் கேள்விக்கு நேர்மையான விடை என்னிடம் இல்லை.

சென்ற ஆண்டு 14 வயது மாணவன் ஒருவன், செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டு வாங்கிய கணிப்பான் நிரலைக் கொண்டுவந்தான். பிழையில்லாமல் ஓடியது. அதில் எண்ணாக மாற்றும் கட்டளையை மட்டும் நீக்கிவிட்டு மீண்டும் ஓட்டச் சொன்னேன். அது எழுதப்பட்டிருந்த பைத்தான் மொழியில் பயனர் தட்டச்சு செய்வதெல்லாம் எழுத்துகளாகவே வந்து சேரும் என்பதால், 5-ஐயும் 7-ஐயும் கூட்டச் சொன்னபோது 57 என்று ஒட்டிக் கொடுத்தது. வகுப்பே சிரித்தது, அவன் மட்டும் சிரிக்கவில்லை. கணினிக்குக் கூட்டல் மறந்துவிட்டதா, அல்லது அது வேறெதையோ கூட்டுகிறதா என்று அரை மணி நேரம் தோண்டிக்கொண்டிருந்தான். கேட்டு வாங்கிய நிரலை நான் தடை செய்வதில்லை. ஓரிடத்தில் உடைத்து, மறுபடி சேர்த்துக் காட்டிய பிறகே மதிப்பெண் தருகிறேன்.

ஒரு தாய்:

என் மகனை 7 வயதிலேயே கோடிங் வகுப்பில் சேர்த்து, ஆறு மாதத்தில் சான்றிதழும் வாங்கிச் சட்டமிட்டு மாட்டிவிட்டேன். வகுப்பில் அவன் "உருவாக்கிய" விளையாட்டில் ஒரு கனிக்கு ஒரு மதிப்பெண் என்பதை ஐந்தாக மாற்றித் தரும்படி வீட்டில் கேட்டபோது, எந்தக் கட்டளையைத் தொட வேண்டும் என்று அவனுக்குத் தெரியவில்லை. ஆசிரியர் சொல்லச் சொல்ல இழுத்துப் பொருத்தியிருக்கிறான், அவ்வளவுதான். அவன்மீது கோபப்பட்டது என் தவறு.

இப்போது அவனுக்கு 9 வயது. மேலே அந்தத் தந்தை எழுதியதைப் படித்ததும், விடையை மறைத்துக்கொண்டு, முக்கோணத்துக்கு 60 என்று கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். ஒரு மணி நேரமாகக் கூடத்தில் நடந்துகொண்டிருக்கிறான்.