மீடியன் கல்லில் வீல் மோதியது: அலைன்மென்ட் மட்டும் போதுமா?

கோவை_ஓட்டுநர்:
முன் இடது வீல் மீடியன் கல்லில் சுமார் 30 கி.மீ. வேகத்தில் மோதியது. மெக்பர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாகச் சேர்ந்த முன் சஸ்பென்ஷன்) உள்ள ஹேட்ச்பேக். ரிம் விளிம்பில் சிராய்ப்பு மட்டும்தான். ஆனால் நேராகப் போகும்போது ஸ்டியரிங் சாய்ந்து நிற்கிறது. அலைன்மென்ட் செய்தால் போதும் என்கிறார்கள். உண்மையா?

நேர்கோடு:
போதும் நண்பரே. எது வளைஞ்சிருக்குன்னு மெஷின் அளவே காட்டிக்கொடுத்துடும். எடுத்த எடுப்பில் லோயர் ஆர்மை (வீலை வண்டியோட இணைக்கிற கீழ்க்கை) கழற்றச் சொன்னா ஒத்துக்காதீங்க, வீண் லேபர் செலவு.

அச்சாணி:
இதை என்னால் ஏற்க முடியாது. பல கடைகளில் டை ராடை (ஸ்டியரிங்கை வீலோட இணைக்கிற கம்பி) திருகி டோவை (மேலிருந்து பார்த்தா வீல் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கிற அளவு) மட்டும் மெஷின் திரையில் பச்சைக்குக் கொண்டுவருவாங்க, ஸ்டியரிங் நேராகும், வண்டியைக் கொடுத்துடுவாங்க. வளைஞ்ச பாகம் வண்டியிலேயே இருக்கும். இந்த வகைக் கார்கள் பலவற்றில் முன் கேம்பரையும் (வீலின் மேல்பக்கம் உள்ளேயோ வெளியேயோ சாயும் கோணம்) காஸ்டரையும் (வீல் திரும்புற அச்சு முன்பின்னா சாயும் கோணம்) திருத்த வழியே கிடையாது. அந்த எண் சிவப்பில் நின்னா பெரும்பாலும் ஏதோ ஒண்ணு வளைஞ்சிருக்கு.

முதல்ல டயரைப் பாருங்க. வீலைக் கழற்றி உள்பக்கச் சைட்வாலைக் கையால் தடவணும். விரலுக்குப் புடைப்பு தட்டுப்பட்டா உள்ளே நூலிழை அறுந்திருக்கு. பஞ்சர் கடையில் சரிசெய்ய முடியாது, ஸ்டெப்னியை மாட்டிட்டுத்தான் கிளம்பணும். ரிம்மின் உள்விளிம்பையும் விடாதீங்க, பெண்டும் கிராக்கும் அங்கேதான் ஒளிஞ்சிருக்கும்.

அடுத்து டை ராடு. லாக் நட்டுக்கு வெளியே தெரியும் மரைகளை இரண்டு பக்கமும் எண்ணுங்க. பழைய அலைன்மென்டால் ஓரிரு மரை வித்தியாசம் வரலாம். அதுக்கு மேல போனா, வளைவை மரையால் ஈடுகட்டியிருக்காங்கன்னு சந்தேகப்படணும்.

நேர்கோடு:
மரை சரி. ஆனா ஒரு டிகிரி வளைஞ்ச நக்கிளை (வீலைத் தாங்கி ஸ்டியரிங்கோட திரும்புற பாகம்) கண்ணால் பிடிக்க முடியுமா? அதுக்குத்தான் மெஷின். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் திருப்ப வெச்சு எஸ்.ஏ.ஐ. (வீல் திரும்புற அச்சு பக்கவாட்டில் உள்நோக்கிச் சாயும் கோணம்) அளவு எடுக்கச் சொல்லுங்க. அதோட கேம்பரைக் கூட்டினா வருவது இன்க்ளூடட் ஆங்கிள். அது வலது பக்கத்தோட ஒத்துப்போய், கேம்பர் மட்டும் மாறியிருந்தா பெரும்பாலும் லோயர் ஆர்ம் அல்லது அது மாட்டியிருக்கிற சப்ஃபிரேம் (அடிச்சட்டம்). இன்க்ளூடட் ஆங்கிளே மாறியிருந்தா ஸ்ட்ரட் அல்லது நக்கிள். இதைக் கழற்றாமலே சொல்லலாம்.

அச்சாணி:
அந்த அளவை எடுத்தால் எனக்கும் சம்மதம்தான். திருத்துவதற்கு முன் எடுத்த அளவை அச்சிட்டு வாங்குங்க; அது கையில் இல்லாட்டி, பாகம் வளைஞ்சதுங்கிற உங்க வாதமே நிற்காது. வீல் பேரிங் அடிபட்டதை மெஷின் காட்டாது. சில நூறு கி.மீ. கழிச்சும் உறுமல் வரலாம். வலப்பக்கம் வளையும்போது சத்தம் கூடினா இடது பேரிங்.

பாலிசி_பார்வை:
இன்ஷூரன்ஸ் கேட்பதாக இருந்தால் எதையும் பிரிக்கும் முன் தகவல் கொடுத்து, சர்வேயர் (சேதத்தை மதிப்பிடுபவர்) பார்க்கட்டும். சாதாரண பாலிசியில், வண்டியும் சேர்ந்து சேதமானால்தான் டயருக்குப் பணம், அதுவும் 50%. செலவு சின்னதென்றால் நோ கிளெய்ம் போனஸ் போவதையும் கணக்குப் போடுங்கள்.

நேர்கோடு:
ஆர்ம் வளைஞ்சது உறுதியானா சூடுகாட்டி நிமிர்த்த விடாதீங்க. புதுசு மாத்துங்க.

அச்சாணி:
மாத்தும்போது, வண்டியை ஜாக்கியில் தூக்கி வீலைத் தொங்கவிட்டபடி ஆர்ம் புஷ் (ரப்பர் உறை) போல்ட்டை முழு டைட் வைக்கக் கூடாது. வண்டியின் எடை வீலில் இறங்கிய பிறகுதான் டார்க் (குறிப்பிட்ட அளவு இறுக்கம்) வைக்கணும். இல்லேன்னா ரப்பர் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். அலைன்மென்ட் அதுக்கப்புறம்.