ஐந்து காலி பாக்கெட்: எந்தக் கம்பெனி என்றாலுமா, சிக் மட்டுமா?

லைன்சேல்ஸ் | காலை 6:40
நேற்று ஓஎம்ஆர்வாசி இங்கே எழுதியது: "வாடிக்கையாளரை முன்னால் வைப்பது, சந்தையைப் பார்த்துத் திட்டத்தை மாற்றுவது, இதெல்லாம் நம்மூர் முதலாளிகளுக்குத் தெரியாது. 2001இல் அஜைல் என்ற மென்பொருள் வேலைமுறை வந்த பிறகுதான் முறையாகக் கற்றுக்கொண்டோம்."

படித்ததும் காபி புரையேறிவிட்டது. தம்பி, 1983இல் கடலூர்க்காரர் சி.கே. ரங்கநாதன் 15,000 ரூபாயோடு வீட்டுத் தொழிலை விட்டு வெளியே வந்து சிக் ஷாம்பு போட்டார். எதிரே வெல்வெட் ஷாம்பு, அதை விற்றது கோத்ரெஜ். அவர் என்ன செய்தார்? எந்தக் கம்பெனி காலி பாக்கெட் என்றாலும் ஐந்து கொண்டு வந்தால் ஒரு சிக் இலவசம் என்றார். கொஞ்ச நாள் கழித்து, சிக் காலி பாக்கெட் மட்டும்தான் செல்லும் என்று மாற்றினார். மாத விற்பனை 35,000 ரூபாயிலிருந்து 12 லட்சத்துக்குப் போனது. அமெரிக்காவில் உட்டாவில் 17 பேர் பனிச்சறுக்கு விடுதியில் உட்கார்ந்து உங்கள் அஜைல் அறிக்கையை எழுதுவதற்கு எத்தனையோ வருடம் முன்னால். யாரிடம் கற்றுக்கொண்டார், சொல்லுங்கள்?

ஓஎம்ஆர்வாசி | காலை 9:15
ஐயா, வணக்கம். இலவசம் கொடுத்தால் அஜைல் என்றால், ஆடி மாதம் தி.நகர் முழுக்க அஜைல்தான்.

அந்த அறிக்கையின் 12 கொள்கைகளில் முதலாவதே வாடிக்கையாளர் திருப்தி. சீக்கிரம் கொடு, தொடர்ந்து கொடு என்கிறது. நீங்கள் சொல்லும் "எந்தக் கம்பெனி என்றாலும்" திட்டத்தில் வாடிக்கையாளர் எங்கே இருக்கிறார்? அது போட்டியாளரை அடிக்கப் போட்ட திட்டம். அவ்வளவுதான்.

நூல்கண்டு | காலை 9:31
ஒரு சின்ன வேண்டுகோள். அஜைல் என்று எதைச் சொல்கிறோம்? வாடிக்கையாளர் என்றால் கடைக்காரரா, தலைக்குத் தேய்ப்பவரா? இந்த இரண்டையும் முடிவு செய்துவிட்டுத் தொடரலாமே.

லைன்சேல்ஸ் | காலை 9:44
நூல்கண்டு, அது அப்புறம்.

தம்பி, போட்டியாளரை அடித்தார் என்று சொல்லுகிறீர்களே, அடி வாங்கியவன் நான்தான். அப்போது திண்டிவனம், செஞ்சி லைனில் கடை கடையாகப் போய் வேறொரு கம்பெனி ஷாம்புவுக்கு ஆர்டர் எடுத்துக்கொண்டிருந்தேன். பெயர் வேண்டாம். ஒரு கடையில் கல்லாப் பக்கம் கண்ணாடி பாட்டில், அதில் காலி பாக்கெட்டுகள். பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தார் அண்ணாச்சி. எடுத்துப் பார்த்தேன். பாதிக்கு மேல் நான் விற்ற சரக்கு. மூலையைப் பல்லால் கடித்த தடம், உள்ளே இன்னும் நுரை. என் சரக்கை வாங்கித் தேய்த்துவிட்டு, அந்தக் காலியைக் கொடுத்து அவன் சரக்கை வாங்கிப் போகிறார்கள்! பம்ப்செட்டுப் பக்கம் பையன்கள் காலி பாக்கெட் பொறுக்கிக்கொண்டு திரிந்தான்கள்.

வாடிக்கையாளரிடம் "நீ வாங்கிக்கொண்டிருப்பதை விடு" என்று ரங்கநாதன் சொல்லவே இல்லை. வாங்கு, தேய், அப்புறம் என்னுடையதையும் ஒரு தடவை பார் என்றார். எந்தக் கம்பெனி என்றாலும்! அதில்தான் வாடிக்கையாளர் இருக்கிறார்.

மளிகைமகள் | காலை 11:02
பண்ருட்டிப் பக்கம் எங்கள் அப்பா மளிகைக் கடை. அவரிடம் இப்போதுதான் போனில் கேட்டேன். "சிக் காலிதான் வாங்குவோம், மற்றதை வாங்கியதாக நினைவில்லை" என்கிறார். ஈரப் பாக்கெட்டை எண்ணி எண்ணிக் கை வழுவழு என்று ஆகிவிடுமாம், அதை மட்டும் மறக்கவில்லை.

லைன்சேல்ஸ் | காலை 11:08
அப்பா கடையில் இரண்டாவது திட்டம் வந்த பிறகுதான் ஆரம்பித்திருப்பார்கள் அம்மா. முதலில் எந்தக் கம்பெனி என்றாலும்தான். ரங்கநாதனே பேட்டியில் சொல்லியிருக்கிறார்.

மளிகைமகள் | காலை 11:20
எங்கள் கடை 1979இல் தொடங்கியது. அப்பாவுக்கு நினைவு தப்பிவிட்டது என்று சொல்லாமல் சொல்லுகிறீர்களா?

கடலூர்க்காரன் | மதியம் 12:47
எங்கள் ஊர்க் கதையை எங்களுக்கே சொல்லுகிறார்கள். பாக்கெட் யோசனையே மகனுடையது இல்லை, அப்பா சின்னி கிருஷ்ணனுடையது. கூலி வேலை செய்கிறவரும் ரிக்ஷா இழுக்கிறவரும் வாங்கும்படி பொருள் இருக்க வேண்டும் என்றவர் அவர். சிக் என்ற பெயரே அவர் பெயரிலிருந்து வந்ததுதான். லைன்சேல்ஸ் அண்ணன் அவரை ஒரு வரிகூடச் சொல்லவில்லை. செஞ்சிக்காரருக்குக் கடலூர் என்றால் மஞ்சக்குப்பம் பஸ் நிறுத்தம் மட்டும்தான் தெரியும்போல.

லைன்சேல்ஸ் | மதியம் 12:59
நான் செஞ்சிக்காரன் இல்லை, செஞ்சி லைன் பார்த்தவன். படித்துவிட்டு எழுதுங்கள். இட்லி மாவு இழையிலும் இப்படித்தான் பாதி படித்துவிட்டுச் சண்டைக்கு வந்தீர்கள்.

கடலூர்க்காரன் | மதியம் 1:03
இட்லி மாவு இழையில் யார் மன்னிப்புக் கேட்டது என்று எல்லோருக்கும் தெரியும்.

ஓஎம்ஆர்வாசி | மதியம் 2:30
சரி, முதல் திட்டத்தை வாடிக்கையாளருக்காகவே போட்டார் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அப்புறம் ஏன் சிக் மட்டும் என்று மாற்றினார்? நேற்றுவரை வேறு கம்பெனி காலி சேர்த்து வைத்திருந்த பாட்டிக்கு என்ன பதில்? ஆள் சேரும்வரை கதவு திறந்திருந்தது, சேர்ந்ததும் சாத்திவிட்டார்கள். இதையா வாடிக்கையாளரை முன்னால் வைப்பது என்கிறீர்கள்?

லைன்சேல்ஸ் | மதியம் 2:41
அதைத்தானே உங்கள் அறிக்கையும் சொல்கிறது, திட்டத்தைப் பிடித்துத் தொங்குவதைவிட மாற்றத்துக்கு ஈடு கொடு என்று? அவர் மாற்றினால் கதவைச் சாத்துவது, நீங்கள் மாற்றினால் அஜைலா? நன்றாக இருக்கிறது நியாயம்.

இன்னொன்று. கிராமத்தில் ஒரு பையனை நிறுத்தி, ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டி, "முடியைத் தொட்டுப் பாருங்கள், மோந்து பாருங்கள்" என்று காட்டினார்கள். ரஜினி படம் போட்டு, இடையில் விளம்பரம் ஓட்டி, முடிந்ததும் பாக்கெட் கொடுத்தார்கள். அப்புறம் மல்லிகை, ரோஜா வாசனை வந்தது. எங்கள் பெண்கள் தலையில் என்ன வைப்பார்கள் என்று தெரிந்தவன் செய்த வேலை அது.

ஓஎம்ஆர்வாசி | மதியம் 3:05
அது டெமோ. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை நாங்களும் செய்கிறோம்.

லைன்சேல்ஸ் | மதியம் 3:09
உங்கள் டெமோவில் தலை கொடுப்பது யார்? காலையில் பதினைந்து நிமிடம் நின்றுகொண்டே பேசுவீர்களாமே, அந்தக் கூட்டத்தில் வாடிக்கையாளரை நேரில் பார்த்தவர் ஒருவராவது உண்டா? சுவரெல்லாம் மஞ்சள் சீட்டு ஒட்டினால் போதுமா?

ஓஎம்ஆர்வாசி | மதியம் 3:15
வாடிக்கையாளர் சார்பில் பேச ப்ராடக்ட் ஓனர் என்று ஒருவர் இருப்பார், ஐயா.

லைன்சேல்ஸ் | மதியம் 3:16
எங்கள் காலத்தில் அவருக்குப் பெயர் தரகர்.

பசுமைவழி | மாலை 4:22
அந்தப் பாக்கெட் எல்லாம் இப்போது எங்கே இருக்கிறது என்று யாராவது யோசித்தீர்களா? வாய்க்காலில். 2019இல் பிளாஸ்டிக் தடை வந்தபோதும் பெட்டிக்கடையில் ஷாம்புச் சரம் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. வாடிக்கையாளருக்கு ஒரு ரூபாய் மிச்சம், ஏரிக்கு?

லைன்சேல்ஸ் | மாலை 4:30
ஐந்து காலி பாக்கெட்டைத் திரும்ப வாங்கிய ஒரே திட்டம் அதுதான்! எந்தக் கம்பெனி என்றாலும்!

பசுமைவழி | மாலை 4:33
வாங்கி என்ன செய்தார்கள்?

கடலூர்க்காரன் | மாலை 4:40
அதை அண்ணன் சொல்லட்டும். பாட்டிலில் எண்ணிப் பார்த்தவர் அவர்தானே.

மளிகைமகள் | மாலை 5:10
அப்பா மறுபடி போன் செய்தார். எண்ணி முடித்ததும் கடைக்குப் பின்னால் கொளுத்திவிடுவாராம். சிக் காலி மட்டும்தானாம், இன்னும் அதையேதான் சொல்கிறார்.

நூல்கண்டு | மாலை 5:48
வாடிக்கையாளர் யார் என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.

லைன்சேல்ஸ் | இரவு 8:25
பரணில் என் பழைய ஆர்டர் புத்தகம் இருக்கிறது. அந்தக் கடையில் எனக்கு எந்த மாதம் ஆர்டர் குறைந்தது என்று அதில் தெரியும். ஞாயிற்றுக்கிழமை இறக்கிப் படம் போடுகிறேன். எந்தக் கம்பெனி என்றாலும்தான்.

ஓஎம்ஆர்வாசி | இரவு 8:31
அது உங்கள் கம்பெனி புத்தகம், ஐயா. அதில் சிக் திட்டம் எப்படி இருக்கும்?

லைன்சேல்ஸ் | இரவு 8:32
ஞாயிற்றுக்கிழமை வாருங்கள் தம்பி.

கடலூர்க்காரன் | இரவு 8:50
இட்லி மாவு ரசீதும் அதே பரணில்தான் இருக்கிறது என்றார். இரண்டு வருடம் ஆச்சு.