ஸூடோ-நிட்சியா: பங்கன்ஸா மல்ட்டிசீரிஸா, எப்படி பிரிக்கிறது?

கோத்தகிரி பொண்ணு:
வணக்கம். எம்எஸ்சி ப்ராஜெக்ட்டுக்கு தூத்துக்குடி கடல்ல வலை போட்டு எடுத்த சாம்பிள், கெடாம இருக்க லூகால் (அயோடின் கரைசல்) ஊத்தி லீவுக்கு ஊருக்கே கொண்டு வந்துட்டேன். இதுல இருக்கிற ஸூடோ-நிட்சியாங்கிற டயாட்டம் (கண்ணாடி மாதிரி ஓடு உள்ள நுண்பாசி) பங்கன்ஸ் ஸ்பீஷிஸா, மல்ட்டிசீரிஸ் ஸ்பீஷிஸான்னு தெரியணும். உப்பு போகட்டும்னு வீட்டுத் தண்ணியில நாலு தடவை அலசினேன். ஊசி மாதிரி செல்லுங்க நுனியோட நுனி ஏறி சங்கிலியா நிக்குது. ஒரு சங்கிலியில செல் 80 மைக்ரான், இன்னொண்ணுல 120, அப்போ ரெண்டு ஸ்பீஷிஸ்னு எழுதலாமா? கூடவே வாழைப்பழம் மாதிரி வளைஞ்ச ஒண்ணு கிடக்கு, எந்த கடல் புத்தகத்துலயும் காணோம், புதுசா இருக்குமோன்னு ராத்திரி தூக்கமே வரல.

ஊட்டி லென்ஸ்:
நீளத்தை நம்பாதம்மா. டயாட்டம் ஓடு சோப்பு டப்பா மாதிரி, மேல் மூடி கொஞ்சம் பெருசு, கீழ் மூடி சின்னது. செல் பிரியும்போது ரெண்டு மூடிக்கும் உள்பக்கமாத்தான் புது மூடி வளரும், அதனால தலைமுறை போகப்போக குட்டையாகிட்டே வந்து கடைசியில ஆக்சோஸ்போர்ங்கிற பெரிய செல் வந்துதான் பழைய அளவுக்குத் திரும்பும். 80ம் 120ம் ஒரே ஸ்பீஷிஸா இருக்கலாம். ஓட்டு மேல இருக்கிற குறுக்குக் கோட்டைப் பாரு. பங்கன்ஸுக்கும் மல்ட்டிசீரிஸுக்கும் 10 மைக்ரானுக்கு கோடு எண்ணிக்கை கிட்டத்தட்ட ஒண்ணுதான், ஆனா ஒவ்வொரு கோட்டுக்குள்ளயும் பங்கன்ஸுக்கு பொதுவா ரெண்டு வரிசை துளை, மல்ட்டிசீரிஸுக்கு மூணு நாலு. துளையை எண்ண எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்தான் வேணும். சாதாரண மைக்ராஸ்கோப்ல நூறு எக்ஸ் ஆயில் லென்ஸ்ல கோடு பளிச்சுனு தெரிஞ்சா பங்கன்ஸ் பக்கம் சாயலாம், முடிவா எழுதக் கூடாது.

இதை அவசரமா முடிக்காதே. 1987ல கனடாவோட பிரின்ஸ் எட்வர்ட் தீவுல மட்டி சாப்பிட்டு நூறு பேருக்கு மேல நோய்ல விழுந்து, மூணு பேர் செத்து, சிலருக்கு ஞாபகமே போச்சு. அதுக்குக் காரணமான டொமோயிக் அமிலங்கிற விஷத்தை உண்டாக்கினது மல்ட்டிசீரிஸ்.

தேயிலைத் தோட்டம் 62:
வாழைப்பழம் யூனோஷியாங்கிற டயாட்டம் மாதிரி இருக்கே, அது நம்ம மலை ஊத்து மாதிரி புளிப்பான, உப்பில்லாத தண்ணில வளர்றது. அலசினது ஊத்துத் தண்ணியா? இனி டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். கரிமப் பொருளை பெராக்சைடுல எரிச்சுட்டு ஸ்லைடுல நாஃப்ராக்ஸ்ங்கிற பிசின்ல பதி, கனடா பால்சம் பிசின்ல பதிச்சா ஓடு மங்கலாத்தான் தெரியும். பெராக்சைடு வேலையை காலேஜ் லேப்ல, க்ளவுஸ் போட்டு செய், வீட்ல வேண்டாம். அப்புறம் லென்ஸை இந்த ஐப்பசி ஈரத்துல வெளிய வைக்காதே, சிலிகா ஜெல் போட்டு டப்பாவுல மூடு, பூஞ்சை பிடிச்சா போகாது.

கோத்தகிரி பொண்ணு:
ஐயோ ஆமாண்ணா, ஊத்துத் தண்ணிதான், தொட்டியில வர்றது! இப்பத்தான் தொட்டியடியில இருந்த வழுவழுப்பை சுரண்டி ஒரு சொட்டு வெச்சுப் பார்த்தேன், அதே வாழைப்பழம் வரிசையா கிடக்கு. அலசாத பாட்டில் ஒண்ணு மிச்சம் இருக்கு, அதை லேப்ல புதுசா சுத்தம் பண்ணி கோயம்புத்தூர்ல எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்புக்கு அனுப்புறேன். போட்டோ வந்ததும் இங்கயே போடுறேன், துளையை நீங்களும் எண்ணிப் பாருங்க.