மார்கழி, தவக்காலம், ரமலான்: வீட்டோடு எடுத்த தீர்மானங்கள்

திருவரங்கத்து மருமகள்:

மார்கழி பிறந்தால் வீட்டோடு ஒரு தீர்மானம் எடுப்பது என் புகுந்த வீட்டு வழக்கம். விடிகாலைக் கோலம், திருப்பாவை, வெண்பொங்கல் எல்லாம் எங்கும் உள்ளதுதான். எங்கள் தீர்மானம் இரண்டாம் பாசுரத்திலிருந்து வருகிறது. நோன்பில் எதை விடுவது, எதைச் செய்வது என்று ஆண்டாள் அடுக்கிச் சொல்லும் பாட்டு அது. நெய் கிடையாது, பால் கிடையாது, கண்ணுக்கு மை கிடையாது, தலைக்குப் பூ கிடையாது. கூடவே ‘தீக்குறளை சென்றோதோம்’, அதாவது கோள் சொல்லித் திரிய மாட்டோம்.

பாலை விட எங்கள் வீட்டில் யாருக்கும் துணிச்சல் இல்லை. டிகிரி காபி இல்லாமல் மாமனாருக்குப் பொழுதே விடியாது. அதனால் ஒரு வருஷம் மாமியார் கோளைப் பிடித்துக்கொண்டார். தை பிறக்கும்வரை, எதிரில் இல்லாத ஆளைப் பற்றி இந்த வீட்டில் பேச்சு கூடாது.

முதல் வாரம் ராத்திரிச் சாப்பாட்டில் பேச விஷயமே இல்லை! நாத்தனார் போன் செய்தால், “என்ன மன்னி, உடம்பு சரியில்லையா?” என்கிறாள். பையன் காவல் அதிகாரி ஆகிவிட்டான். பாட்டி வாயெடுத்தாலே, “பாட்டி, தீக்குறளை!” இருபத்தேழாம் நாள் கூடாரவல்லி. முழங்கை வழிய நெய் ஊற்றிச் சாப்பிடலாம் என்று பாசுரமே சொல்லிவிடுகிறது. அக்காரவடிசிலை வழித்துக்கொண்டே அவன், “கோளுக்கும் இன்னிக்கு லீவா பாட்டி?” என்றான். “நெய்க்கு மட்டும்தான்டா” என்றார் மாமியார். சாயந்திரம் கதவைச் சாத்திக்கொண்டு தங்கையோடு எவ்வளவு நேரம் போனில் இருந்தார் என்பதை நான் சொன்னால் அதுவும் கோள்தான்.

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒரே தீர்மானம், எல்லோர் முன்னாலும் சொல்லித்தான். உங்கள் வீடுகளில் எப்படி? சொல்லிவிட்டுச் செய்வீர்களா, சொல்லாமலா?

முத்துநகர்வாசி:

தூத்துக்குடி, கத்தோலிக்கக் குடும்பம். எங்கள் கதை நேர்மாறு. தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன் பூசையில் வாசிக்கிற நற்செய்தி மத்தேயு 6ஆம் அதிகாரம். தர்மம் செய்தால் வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரியக்கூடாது, செபிக்கப்போனால் கதவைச் சாத்து, நோன்பிருந்தால் முகத்தைக் கழுவிக்கொள். இதைக் கேட்டு, நெற்றியில் சாம்பலும் வாங்கிக்கொண்டு வந்து, யார் யார் எதை விடுகிறோம் என்று பிரிட்ஜில் ஒட்டுவதா என்று அப்பா கேட்பார்.

வெள்ளிக்கிழமை சுத்தபோசனம் எப்போதும் உண்டு. ஆனால் திருச்சபைச் சட்டம் விலக்குவது இறைச்சியை, மீனை அல்ல. எங்கள் ஊரில் கறி இல்லை என்றால் சீலா மீன் குழம்பு. அதைத் தவம் என்று சொல்ல எங்களுக்கே கூச்சம். ஆகவே அவரவருக்கு உண்மையிலேயே வலிக்கிற ஒன்றை எழுதி, மடித்து, மாதா சுரூபத்தின் அடியில் வைப்போம். ஈஸ்டர் அன்று விருப்பம் இருந்தால் வாசிக்கலாம், இல்லாவிட்டால் கிழித்துவிடலாம்.

ரகசியம் எங்கே நிற்கிறது? சாயந்திரம் அப்பாவின் எரிச்சலைப் பார்த்தே டீக்கடையை விட்டுவிட்டார் என்று தெரிந்துபோகும். ஆச்சியினுடையது மட்டும் ஒருதரம் யாருக்கும் பிடிபடவில்லை. ஒருசந்தி, அதாவது நாளுக்கு ஒரு வேளை மட்டும் முழுச் சாப்பாடு, கட்டாயம் என்பதெல்லாம் 18இலிருந்து 59 வயது வரைக்கும்தான். ஆச்சி எழுபதைத் தாண்டியும் ஒவ்வொரு வெள்ளியும் இருப்பார். அதைத்தான் எழுதியிருப்பார் என்று விட்டுவிட்டோம். ஈஸ்டர் அன்று அவரே சீட்டை நீட்டினார்: ‘தம்பி வீட்டுக்குப் போகணும்.’ காம்பவுண்டு சுவர்த் தகராறில் பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத தம்பி.

போகவில்லை. தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பிவிட்டாராம்.

தெரிந்திருந்தால் யாராவது பைக்கில் கொண்டுபோய் விட்டிருப்போமே என்கிறார் அம்மா. தெரியும் என்றால் எழுதியே இருக்க மாட்டார் என்கிறார் அப்பா. இந்த வழக்கு எங்கள் வீட்டில் இன்னும் முடியவில்லை.

கீழக்கரை உம்மா:

அஸ்ஸலாமு அலைக்கும். பிள்ளைகளின் வாப்பா துபாயில் இருக்கிறார். 2025இல் அங்கே மார்ச் 1, இங்கே மார்ச் 2 முதல் நோன்பு. நாங்கள் ரமலானில் ஒரு ஹத்தம், அதாவது குர்ஆன் முழுவதையும் ஒருமுறை ஓதி, முடிக்க நிய்யத் (மனத் தீர்மானம்) வைப்போம். மதீனா அச்சில் குர்ஆன் 604 பக்கம். ஒவ்வொரு வக்து தொழுகைக்குப் பிறகும் நாலு பக்கம் ஓதினால் நாளைக்கு ஒரு ஜுஸ்வு (முப்பதில் ஒரு பாகம்) ஆகிவிடும். சின்னவனுக்கு மட்டும் கடைசிப் பாகமான அம்ம ஜுஸ்விலிருந்து சின்னச் சின்ன சூராக்கள் மனப்பாடம்.

ஓதியதும் போன் குரூப்பில் டிக் போடச் சொன்னார் வாப்பா. அவர் ஒரு நாள் முந்தி இருப்பதால் பிள்ளைகளுக்கும் எட்டிப்பிடிக்கிற ஆசை. திடீரென்று மூத்தவளின் டிக் நின்றது. சின்னவன் குரூப்பிலேயே, “லாத்தா ஏன் ஓதலை?” என்று கேட்டுவிட்டான். பொம்பளைப் பிள்ளைகள் உள்ள வீட்டில் இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். அன்றோடு டிக் கிடையாது. முடித்தவர் முடித்தேன் என்று சொன்னால் போதும். அந்த நாட்களில் அவள் நபி மீது ஸலவாத்து சொல்வாள், தமிழ் மொழிபெயர்ப்பை வாசிப்பாள்.

விட்ட நோன்பைப் பெருநாளுக்குப் பிறகு களாவாக, அதாவது ஈடாக, பிடிக்க வேண்டுமே. நானும் இரண்டு மகள்களும் திங்கள், வியாழனில் சேர்ந்து பிடிக்கிறோம். மூன்று பேருக்கு மட்டும் சஹர், விடியுமுன் சாப்பாடு. கஞ்சி கிடையாது, தராவீஹ் தொழுகை கிடையாது, கணக்குக் கேட்க ஆளும் இல்லை. ஆனால் மகள்கள் மனசுவிட்டுப் பேசுவது அந்த சஹரில்தான். எனக்கு ரமலானைவிட அது பிடிக்கும் என்று சொன்னால் தப்பாக நினைக்காதீர்கள்.

திருவரங்கத்து மருமகள்:

இதில் தப்பென்ன இருக்கிறது. ஆச்சி கதையை மாமியாரிடம் வாசித்துக் காட்டினேன். “அவா அப்பா சொல்றதுதான் சரி. எனக்கும் ஒண்ணு இருக்கு, உங்கிட்ட சொன்னேனா?” என்றார். எல்லோருக்கும் ஒரே தீர்மானம் என்று மேலே எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன்.

கோவை ஷிப்ட்காரர் மனைவி:

எங்கள் வீட்டில் மூன்றே பேர், நீண்ட விரதமெல்லாம் தாங்காது. கந்த சஷ்டி ஆறு நாள்தான். கவசத்திலேயே ஒரு நாளைக்கு முப்பத்தாறு உரு (தடவை) என்று வருகிறதல்லவா, அதை ஆளுக்குப் பன்னிரண்டாகப் பங்கு போட்டோம். வீட்டுக்காரர் மில் பஸ்ஸிலேயே முடித்துவிடுவார். மகள் டியூஷனுக்கு நேரமாச்சு என்று பாதி எழுத்தை விழுங்கிவிட்டு ஓடுகிறாள். பங்கு போட்டால் கணக்கில் சேராது, ஒருவரே முப்பத்தாறும் சொல்ல வேண்டும் என்கிறார் என் அம்மா. இப்படிப் பங்கு போட்டுச் சொன்ன வீடு வேறு ஏதாவது இருக்கிறதா? இருந்தால் எழுதுங்கள், அம்மாவிடம் காட்ட வேண்டும்.